செலவக்காவின் முதல் கேள்வி

அம்மாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, சில சொற்களுக்குப் பொருள் எழுதியது. ஞாயிற்றுக்கிழமை மதியம், சமையலறை மேசை. அம்மா பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள், மகள் மடிக்கணினியில் தட்டினாள். பூண்டுத் தோல் பறந்து விசைப்பலகைக்குள் விழுந்தது. மகள் ஒருமுறை ஊதிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

மீன்வளத் துறையின் கணக்கெடுப்புப் பிரிவு ஓர் அறிக்கை போடுவதாக இருந்தது. பிழைப்புக்காக இல்லாமல் ஆசைக்காக மீன் பிடிப்பவர்கள் ஊரில் எத்தனை பேர், எவ்வளவு நாள் போகிறார்கள், அதற்கு என்ன செலவு செய்கிறார்கள் என்று சொல்லும் அறிக்கை. எண்களுக்கு முன்னால் ஒரு பக்கம் வரும். எந்தச் சொல்லை எந்தப் பொருளில் எடுத்திருக்கிறோம் என்று அதில் இருக்கும். அந்தப் பக்கத்தைத்தான் அம்மா எழுதிக்கொண்டிருந்தாள். அவள் அதிகாரி இல்லை. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் ஒப்பந்த ஊழியர்.

"பயணம்னு போடு. வீட்டு வாசலைத் தாண்டினதுலேருந்து திரும்ப வாசலுக்கு வந்து சேர்ற வரைக்கும்."

"நடுவுல கடைக்குப் போனா?"

"என்ன கடைக்கு?"

"புழு வாங்க."

"புழு வாங்கினா பயணத்துல சேரும். செருப்பு வாங்கினா சேராது."

"மீன் வாங்கினா?"

அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். துறைமுகச் சுவரில் நாள் முழுக்கத் தூண்டிலோடு உட்கார்ந்தும் ஒன்றும் மாட்டாத சிலர், திரும்பும் வழியில் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். வீட்டில் கேலிக்கு ஆளாகாமல் தப்பிக்கத்தான். ஒருவர் அவசரத்தில், வெட்டிச் சுத்தம் செய்த மீனை வாங்கிப் போய்விட்டார். 'இப்பல்லாம் கடல்லயே செதில் எடுத்துத்தான் தர்றாங்களா?' என்று மனைவி கேட்டாளாம்.

"சுவருக்குப் போகலைன்னா அந்த மீனை வாங்கியிருக்க மாட்டார். அப்ப அதுவும் மீன்பிடிச் செலவுதான்," என்றாள் மகள்.

"அது மானச் செலவுடி. அதுக்கு எங்க துறையில தலைப்பே கிடையாது."

மகள் அடுத்த வரிக்குப் போனாள். தூண்டில்கோல் ஒருமுறை வாங்கினால் பல வருஷம் வரும், அது சாமான் செலவு. புழு, பெட்ரோல், தேநீர் எல்லாம் அன்றைக்கே தீர்ந்துபோகும், அது பயணச் செலவு. இரண்டையும் ஒன்றாகக் கூட்டக் கூடாது. அம்மா இதையெல்லாம் யோசிக்காமலே சொல்லிக்கொண்டு போனாள். ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் நின்றாள்.

'மீன்பிடிப்பாளர்.'

அந்தச் சொல்லில்தான் அவள் சறுக்கியிருந்தாள். அந்தச் சறுக்கலால் துறைமுகச் சுவருக்கு இரும்புக் கதவு வரப்போகிறது.

அம்மா வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டே பிழைத்தவள். முதலில் பேருந்து நிலையத்தில் நின்று, இறங்குபவர்களிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். பிறகு ஒரு நிறுவனத்துக்காகத் தெருத் தெருவாகப் போய் என்ன சோப்பு போடுகிறீர்கள் என்று கேட்டாள். எல்லாம் நாள் கணக்கில் கூலி, எல்லாம் காலை ஒடிக்கும் வேலை. அப்பா வேலைக்கென்று வேறு ஊர் போய் அங்கேயே தங்கிவிட்டார். ஏன் என்று ஊரே கேட்டது. கேட்பதையே தொழிலாக வைத்திருந்தவள் மட்டும் கேட்கவில்லை.

மீன்வளத் துறையில் சேர்ந்தபோது அவளுக்கு மீன் வாடையே ஆகாது. மூக்கைப் பொத்திக்கொண்டு வேலை பார்க்க முடியாதே. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் துணிப்பை, கையில் மடக்கு முக்காலி. சுவரில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்காருவாள். எப்போது வந்தீர்கள், எப்போது போவீர்கள், என்ன மாட்டியது, எதைத் திரும்பத் தண்ணீரில் விட்டீர்கள். கடைசியாக, என்ன செலவு. அந்தக் கடைசிக் கேள்விதான் அவளுக்குப் பெயர் வைத்தது.

"டேய், செலவக்கா வர்றாங்க. பர்ஸை மறைங்க."

"மறைச்சாலும் எழுதிக்குவேன். புழு என்ன விலைக்கு வாங்கினே?"

"நீங்க கேக்கறப்பதான் எவ்வளவு போச்சுன்னு எனக்கே தெரியுது அக்கா. கேக்காம இருந்தா நிம்மதியா பிடிப்பேன்."

"பிடிக்கிற மூஞ்சியைப் பாரு."

வீடுகளில் இந்தப் பேச்சு செல்லாது. பக்கத்தில் மனைவி நின்றால் புதுத் தூண்டில்கோலின் விலை பாதியாகக் குறைந்துவிடும். அதற்கு அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். எல்லாம் கேட்டு முடித்து நன்றி சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்ததும், "கொஞ்சம் வழி காட்டுங்க சார்," என்று அந்த ஆளைத் தெருமுனை வரைக்கும் கூட்டிக்கொண்டு போவாள். அங்கே நிஜ விலை வெளியே வரும்.

வீட்டுக்கு வந்தால் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கணுக்கால் வீங்கியிருக்கும். படி ஏறினால் மூச்சு வாங்கும். மகள் எடைக்கருவிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். அவளும் நின்று நின்று களைத்துத்தான் வருவாள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். "சாப்பிட்டியா?" "ம்." அதற்கு மேல் பேசினால் அன்றைக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்படி ஒருநாள், அம்மா செருப்பைக் கழற்றாமலே ஆரம்பித்தாள்.

"அந்த முடிவெட்டுறவன் இருக்கானே, என் மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கான்."

"யாரு?"

"கடைத்தெருவுல சலூன் வச்சிருக்கானே, அவன்தான். போன கணக்கெடுப்புல அவன் வீட்டு வாசல்ல நின்னு கேட்டேன். இல்லைக்கான்னு சொன்னான். சரி, விட்டுட்டான் போலன்னு நினைச்சேன். இன்னிக்குச் சுவர்ல போய்ப் பார்த்தா, கோலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். வாராவாரம் வர்றானாம்!"

"நீ என்ன கேட்டே?"

"என்ன கேப்பேன்? போன ஒரு வருஷத்துல மீன் பிடிச்சீங்களான்னு கேட்டேன். முதல் கேள்வியே அதுதானே."

"அவர் பிடிச்சாரா?"

"அவனா? அவன் தூண்டில்ல பாசி கூட மாட்..."

அம்மா அந்தச் சொல்லை முடிக்கவில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மகளுக்கு உடனே விளங்கவில்லை.

மீன் பிடித்தீர்களா என்றால், தூண்டில் போட்டீர்களா என்றும் கேட்டதாகும், கையில் மீன் கிடைத்ததா என்றும் கேட்டதாகும். வருஷம் முழுக்கப் போய் வெறுங்கையோடு திரும்பியவன் மனசாட்சிப்படி இல்லை என்றுதான் சொல்வான். இல்லை என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது விதி. எத்தனை நாள் போனாய், எவ்வளவு செலவு செய்தாய் என்பதெல்லாம் ஆம் என்றவர்களுக்குத்தான். ஆக, மீன் கிடைக்காதவன் மட்டும் விட்டுப்போகவில்லை. அவன் போன நாட்கள் விட்டுப்போயின. அவன் செலவும் விட்டுப்போயிற்று.

மகளின் ஆய்வகத்தில், எடை எதுவும் வைக்காதபோதே முள் விலகி நிற்கும் தராசை உடனே ஒதுக்கிவிடுவார்கள். அதன்பிறகு எவ்வளவு கவனமாக நிறுத்தாலும் பயனில்லை. அவள் இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

"அந்த வாக்கியத்தை யாரும்மா எழுதினது?"

"நான்தான். மேலேருந்து வந்தது வாயில நுழையாத தமிழ்ல இருந்துச்சு. 'மீன்பிடி நடவடிக்கையில் ஈடுபட்டீர்களா'ன்னு. ஜனங்க முழிச்சாங்க. நான்தான் எளிசா மாத்திக்கறேன் சார்னு கேட்டு வாங்கினேன்."

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அந்தக் கணக்கு ஏற்கெனவே வெளியே போயிருந்தது. ஊரில் ஆசைக்கு மீன் பிடிப்பவர்கள் மிகக் குறைவு, அவர்களால் கடைகளுக்கும் பெரிய வரவில்லை என்று அது சொன்னது. துறைமுக நிர்வாகம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் பேருக்காகச் சுவரைத் திறந்து வைப்பானேன், கதவு போட்டு மூடிவிடலாம் என்று கேட்டிருந்தது. முடிவெடுக்கும் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அந்தச் சுவர்ல உட்கார்றவங்களை நான்தான் என் வாயால வெளிய தள்ளியிருக்கேன்," என்றாள் அம்மா. "நான்தான் உள்ள கொண்டு வரணும்."

பிரிவு அலுவலர் நல்ல மனிதர். மேசை முழுக்கக் கோப்பு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடிக்கொண்டிருப்பவர். அன்றைக்கு அம்மாவை வண்டியில் கொண்டு போய் விட்ட மகள், கூடவே உள்ளே போய் உட்கார்ந்தாள். அம்மா சொன்னதை அவர் கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

"அம்மா, கேள்வியை மாத்தினா போன வருஷக் கணக்கோட இதை ஒப்பிட முடியாதே. திடீர்னு ஆள் கூடின மாதிரி தெரியும். மேல கேப்பாங்க."

"தப்போட தப்பை ஒப்பிட்டு என்ன சார் பண்ணப்போறீங்க?"

"நீங்க சுலபமா சொல்லிட்டீங்க."

"சுலபமா சொன்னதாலதான் சார் இந்த வினை."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். புதிதாக ஒரு கணக்கெடுப்புக்கு ஆளும் இல்லை, அனுமதியும் இல்லை. ஆனால் துறைமுகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இல்லை என்று சொன்ன வீடுகளுக்கு மட்டும் திரும்பப் போய்ச் சரியான கேள்வியைக் கேட்டு வந்தால், பழைய கணக்கைத் திருத்தலாம். ஒரு தெருவும் விடுபடக் கூடாது. விடுபட்டால் வேண்டியவர்களை மட்டும் கேட்டார்கள் என்று நிர்வாகம் சொல்லிவிடும்.

"உங்களால நடக்க முடியுமாம்மா?"

"கேக்க முடியும் சார். நடக்கறதைக் கால் பார்த்துக்கும்."

மகள் ஆய்வகத்தில் விடுப்பு கேட்டாள், பாதி நாள்களுக்குத்தான் கிடைத்தது. அந்த நாட்களில் வண்டியில் கொண்டு போய் விட்டாள். மற்ற நாட்களில் அம்மா நடந்தாள். முதலில் போனது சலூனுக்குத்தான். உள்ளே ஒருவர் முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தார்.

"தம்பி, இப்பச் சொல்லு. போன வருஷம் மீன் பிடிச்சியா?"

"மறுபடியுமா? இல்லக்கா. ஏன்க்கா எரியிறதுல எண்ணெய ஊத்துறீங்க?"

"தூண்டில் போட்டியா?"

"வாராவாரம் போடுறேனே. கடைக்கு லீவு விடுறதே அதுக்குத்தானே."

"பின்ன ஏன்டா அன்னிக்கு இல்லைன்னு சொன்னே?"

"பிடிச்சியான்னு கேட்டீங்க. அரசாங்கத்துக்கிட்டப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

நுரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "இவன் பிடிச்ச மீனெல்லாம் இன்னும் கடல்லதான் இருக்கு."

"அண்ணே, சிரிக்காதீங்க. கழுத்துல கத்தி வச்சிருக்கேன்."

"சரி, செலவைச் சொல்லு," என்றாள் அம்மா.

"அதை மட்டும் கேக்காதீங்கக்கா. மீன் வராத வருஷம்தான் செலவு ஜாஸ்தி. முதல்ல புழு சரியில்லன்னு மாத்துவேன். அப்புறம் தூண்டில் நரம்பை மாத்துவேன். அப்புறம் கோலையே மாத்துவேன். நாலு மீன் மாட்டியிருந்தா எதுக்கு மாத்தப்போறேன்?"

அம்மா எழுதிக்கொண்டாள். வெளியே வந்து வண்டியில் ஏறாமல் கொஞ்ச நேரம் நின்றாள். "இவனைப் போய்ப் பொய்யன்னு நினைச்சுட்டேனே," என்றாள். மூச்சு வாங்கியது. மகள் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். தெருக்கள் முடியட்டும் என்றாள் அம்மா.

ஒவ்வொரு தெருவாக முடிந்தது. பிடித்தாயா என்றால் இல்லை, தூண்டில் போட்டாயா என்றால் ஆம். இப்படிப் பதில் சொன்னவர்கள் அவள் நினைத்ததைவிட அதிகம். ஓர் அம்மாள் உள்ளே திரும்பிக் கணவரிடம், "வருஷம் முழுக்க அங்கதான் கிடக்கிறீங்க, கணக்குல மட்டும் இல்லையாமே! இத்தனை நாள் எங்கதான் போனீங்க?" என்று கேட்டு, அம்மாவே உட்கார்ந்து சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று.

மேட்டுத் தெரு ஒன்றுதான் பாக்கி. வண்டி ஏறாத செங்குத்துப் படிகள். அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தாள். ஒருமுறை ஏறி யாரும் வீட்டில் இல்லாமல் இறங்க அவளால் முடியாது. அதனால் அங்கே குடியிருக்கும் பழைய கிரேன் ஓட்டுநர் ஒருவருக்குப் போன் செய்து, வியாழக்கிழமை வருகிறேன், எல்லோரையும் இருக்கச் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்தாள்.

அந்த வியாழனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் பூண்டு, மேசை, மடிக்கணினி எல்லாம். 'மீன்பிடிப்பாளர்' என்ற சொல்லுக்கு வந்ததும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, மகளின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"விற்பதற்காக அல்லாமல்..."

"ம்."

"மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்... அதை அழுத்திப் போடு."

"எப்படிம்மா அழுத்துறது?"

"கறுப்பா."

"சரி."

"ஆண்டில் ஒருமுறையேனும் தூண்டிலோ வலையோ தண்ணீரில் இட்டவர். அவ்வளவுதான். படி."

மகள் படித்தாள். அம்மா இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தாள். "முட்டாளுக்கும் புரியுமா?" என்று கேட்டாள். "எனக்குப் புரியுது," என்றாள் மகள். "அப்ப சரி," என்றாள் அம்மா. பூண்டுத் தோலை முறத்தில் வாரிக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை, வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செருப்பு மாட்டக் குனிந்தாள். நிமிரவில்லை.

காரியங்கள் நடந்தன. சுவரில் உட்காரும் ஆட்கள் வந்தார்கள். சலூன்காரர் கூடத்து மூலையில் நின்று அழுதுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார். மகள் வேலைக்குத் திரும்பினாள். தராசுகளில் எடைக்கல்லை வைத்தாள், எடுத்தாள், முள்ளைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்தால் "சாப்பிட்டியா?" என்று யாரும் கேட்கவில்லை. அவள் சாப்பிடவும் இல்லை.

அடையாள அட்டையையும் துணிப்பையையும் ஒப்படைக்க அலுவலகத்துக்குப் போனாள். பிரிவு அலுவலர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். அச்சான பக்கத்தை எடுத்துக் காட்டினார்.

"ஒரு எழுத்து மாத்தலம்மா. அந்தக் கறுப்பு எழுத்து கூட அப்படியே இருக்கு."

மகள் பார்த்தாள். தலையாட்டினாள்.

"கூட்டத்துல என்ன சொன்னாங்க சார்?"

"திருத்தின கணக்கு முழுசா வந்தா பார்க்கலாம்னு தள்ளி வச்சிருக்காங்க. ரொம்ப நாளைக்குத் தள்ளல. மேட்டுத் தெரு வரலைன்னா பழைய கணக்குதான் நிக்கும்."

"நான் போய்க் கேட்டுட்டு வரட்டுமா?"

"நீங்க கேட்டா செல்லாதும்மா. நியமனம் வேணும். புது ஆளுக்குக் கோப்பு மேல போயிருக்கு."

"எப்ப வரும்?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மேசையில் எதையோ தேடினார். அது என்ன என்று அவருக்கே தெரிந்த மாதிரி இல்லை.

அம்மாவின் போனை மகள் இன்னும் அணைக்கவில்லை. சார்ஜ் போட்டு வைத்திருந்தாள், ஏன் என்று யோசிக்கவில்லை. ஒரு மாலை அது அடித்தது.

"செலவக்காங்களா?"

"நான் அவங்க பொண்ணு."

"மேட்டுத் தெருலேருந்து பேசறேம்மா. கிரேன் ஓட்டினவன், தண்ணித் தொட்டிக்குப் பக்கத்து வீடு. வியாழக்கிழமை வரேன்னு சொன்னாங்க, ஆளையே காணோம். நானும் ஒவ்வொரு வியாழனும் வீட்டை விட்டு நகராம உட்கார்ந்திருக்கேன். மத்தவங்களையும் பிடிச்சு வச்சிருக்கேன், எல்லாரும் என்னைத் திட்டறாங்க."

மகள் சொன்னாள். ஒரே வாக்கியம்.

மறுமுனையில் யாரோ குழாயைத் திறந்து மூடும் சத்தம்.

"தெரியாதும்மா. கீழ நடக்கிறது மேட்டுக்கு வந்து சேர்றதே இல்ல." பிறகு, "படி ஏற முடியாதுன்னு சொன்னாங்க. நாங்களே இறங்கி வந்திருக்கலாம். தோணல."

"பரவாயில்லைங்க."

"இங்க மீன் பிடிச்சவன்னு ஒருத்தன் இல்லம்மா. ஆனா வீட்டுக்கு ஒருத்தர் தூண்டில் எடுத்துட்டுப் போறோம். அதை எங்க சொல்றது?"

"ஆபீஸ்லேருந்து வேற ஒருத்தர் வருவாங்க."

"எப்ப?"

"தெரியலைங்க."

"கதவு வந்து இறங்கிடுச்சு," என்றார் அவர். "சுவர் ஓரமா சாத்தி வச்சிருக்காங்க. இன்னும் மாட்டல."

பிறகு, உடம்பைப் பார்த்துக்கோம்மா என்று சொல்லிப் போனை வைத்தார்.

மேட்டுத் தெருவில் இன்னும் யாரும் போய்க் கேட்கவில்லை.